மாசித் தண்ணியில் தூண்டில்

அறுப்பு முடிந்து, மடைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு கண்மாய்க்கு ஒரு தனிப் பருவம் வரும். தண்ணீர் இருக்கும், ஆனால் வாரத்துக்கு வாரம் கரையை விட்டு நாலடி, ஐந்தடி உள்ளே போயிருக்கும். மாசி பிறந்ததிலிருந்து பங்குனிப் பொங்கல் வரை, ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின், இதுதான் தூண்டில்காரனுக்கு நல்ல காலம். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் போகிறபோது மீன் எங்கே வேண்டுமானாலும் இருக்கும், வயல் வரைக்கும் ஏறி மேயும். அப்போது தூண்டில் போடுவது குருட்டாம்போக்கு. மாசியில் தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் ஒதுங்கும். எங்கே நிற்கும் என்று கணக்குப் போடலாம்.

மதுரையைச் சுற்றி இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்று போல வராது. பெரியாறு–வைகைப் பாசனத்தில் ஒருபோக நிலம் மட்டும் 1,05,002 ஏக்கர். மேலூர்ப் பக்கக் கண்மாய்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருபவை. செப்டம்பர் வாக்கில் கால்வாயில் வருகிற தண்ணீரும் வடகிழக்கு மழையும் சேர்ந்து நிறைத்ததை, பயிர் குடித்து முடிக்கத் தை ஆகிவிடும். அதனால் மாசியில் அங்கே இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணீர் பல இடத்தில் கிடைக்கும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் கண்மாய்கள் அதற்கு முன்பே வற்றிவிடுவது உண்டு. மாடக்குளம், தென்கால், நிலையூர் போல வைகை வாய்க்காலை நம்பிய கண்மாய்கள் மழை நன்றாக இருந்த வருஷத்தில் சித்திரை தாண்டியும் தாங்கும். கிளம்புவதற்கு முந்தின வாரம் யாராவது ஒருவர் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. போன வருஷ ஞாபகத்தை வைத்து வண்டியை எடுத்தால் கருவேல முள்ளைத்தான் பார்க்கணும்.

முதலில் குத்தகை

கண்மாய் பொதுச்சொத்து, மீன் பொதுச்சொத்து இல்லை. ‘மீன்பாசி ஏலம்’ என்று பஞ்சாயத்திலோ நீர்வளத் துறையிலோ (முன்பு பொதுப்பணித் துறை) விட்டிருப்பார்கள். கணக்கு பசலி ஆண்டில்தான் நடக்கும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஏலம் எடுத்தவர் மழை முடிந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவர் வலை போட்டுப் பணம் பார்க்கிற மாதங்களும் இதே மாசி, பங்குனிதான். ஆகவே கரையில் காவலுக்கு இருக்கிறவரிடம், “அண்ணே, நாலு பேர் கம்புல கெண்டை, ஜிலேபி போட்டுக்கிறோம். கட்லா, ரோகு விழுந்தா விட்டுருவோம்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. பெரும்பாலும் தலையாட்டுவார்கள். ஜிலேபி குத்தகைக்காரருக்கும் தொல்லைதான். 1952இல் இந்தியாவுக்குள் வந்த மீன், விட்ட குஞ்சுகளின் தீனியைத் தின்று பெருகிக்கொண்டே போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கண்மாய்க்குப் போக வேண்டியதுதான், வாக்குவாதத்துக்கு அங்கே இடமில்லை.

உட்காருகிற இடம்

வற்றுகிற கண்மாயில் மீன் மூன்று இடத்தில் சேரும். ஒன்று மடைக்குழி. மடை வாயில் வருஷக்கணக்கில் தண்ணீர் இழுத்து இழுத்து அரித்த பள்ளம். மற்ற இடத்தில் முழங்கால் ஆழம் என்றால் அங்கே ஆளுயரம் இருக்கும். இரண்டாவது, வண்டலோ சவுடோ அள்ளிய குழிகள். கோடையில் ஜேசிபி விட்டு வெட்டியவை, விளிம்பு சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். மூன்றாவது, வரத்து வாய்க்கால் கண்மாய்க்குள் நுழைந்து ஓடுகிற பழைய தடம். மேலே பார்த்தால் தெரியாது, ஆழம் பார்த்தால்தான் தெரியும்.

இந்தச் சவுட்டுக் குழிதான் நல்ல இடமும், ஆளை வாங்குகிற இடமும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த எட்டில் தலை மூழ்கும். உள்ளே இறங்கித் தூண்டில் போடுகிற பழக்கம் இருப்பவர்கள் கம்பால் முன்னே குத்திப் பார்க்காமல் ஒரு எட்டும் வைக்கக் கூடாது. நீச்சல் தெரியாதவர் கரையோடு நின்றுகொள்ளணும். தண்ணீர் விலகின புதுச் சேறும் அப்படித்தான்: மேலே வெயில் பட்டு வெடிப்பு விட்டிருக்கும், உள்ளே முழங்கால் வரை களி. செருப்பு போனால் போகட்டும், கால் சிக்கினால் அவசரப்பட்டு இழுக்காமல் பின்பக்கமாகச் சாய்ந்து மெல்ல எடுக்கணும்.

காற்றையும் பார்க்கணும். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில்தான் பாசித் துணுக்கும் பூச்சியும் ஒதுங்கும், மீனும் அங்கே வரும். முகத்தில் காற்றடிக்கிற கரை என்றால் கம்பு வீசக் கஷ்டமாகத்தான் இருக்கும். சுகமாக முதுகில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் கூடை காலியாக இருக்கும்.

நேரத்தில் பலரும் செய்கிற தவறு, இருட்டோடு போய் உட்காருவது. பாசி அடர்ந்த பச்சைத் தண்ணீரில் விடிவதற்குச் சற்று முன்தான் உயிர்க்காற்று ஆகக் குறைவு. இராத்திரி முழுக்க பாசியும் மூச்சு விட்டுத் தண்ணீரில் கரைந்திருப்பதைத் தீர்த்துவிடும். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கண்ணெதிரே நூறு மீன், ஒன்றுகூட இரையைத் தொடாது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆனால் பாசி மறுபடி காற்று விட ஆரம்பிக்கும், அப்போதுதான் கடி தொடங்கும். ஏழிலிருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. தெளிந்த, பாசி குறைந்த கண்மாயில் மட்டும் விடிகாலை சரிப்படும்.

தக்கை

கம்பு பற்றிப் பேச அதிகம் இல்லை. பத்தடியிலிருந்து பன்னிரண்டடி, நுனி பென்சில் கனத்துக்கும் குறைவான மூங்கில். அல்லது கடையில் விற்கிற மடக்குக் கம்பு. இரண்டிலும் ஒரே மீன்தான் விழும். வித்தியாசம் செய்வது, மிதந்துகொண்டு கடியைக் காட்டுகிற தக்கை. செருப்பு வெட்டின துண்டு, பெட்டியில் வந்த தெர்மகோல் என்று எது கிடைத்தாலும் கட்டிவிட்டு ‘கடிக்கவே இல்லை’ என்று திரும்பி வருகிறவர்களைப் பார்க்கிறோம். கடித்திருக்கும். இரண்டு விரல் அகல தெர்மகோலை அசைக்கப் பொடிக் கெண்டைக்கு வலு இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு மயிலிறகுத் தண்டை மிஞ்சின தக்கை கிடையாது. தோட்டத்திலும் தோப்பிலும் மயில் தானாக உதிர்த்த தோகைதான் எடுக்கணும். இழைகளைப் பிளேடால் வழித்துவிட்டு, அடிப்பக்கத் தண்டில் பத்து சென்டிமீட்டர் வெட்டுங்கள். உள்ளே வெள்ளைச் சோறு மாதிரி இருக்கும். வெட்டின இரண்டு முனையிலும் நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்து அடைக்காவிட்டால் அரை மணியில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். மேல்முனையில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் சிவப்போ ஆரஞ்சோ பூசினால் போதும்.

கட்டுவதற்கு சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்குங்கள். அரை சென்டிமீட்டர் துண்டாக இரண்டு வெட்டி, தூண்டில் நரம்பை (நைலான் இழை) அதற்குள் கோர்த்து, தக்கையின் மேலே ஒன்று கீழே ஒன்றாக மாட்டினால் ஆழத்துக்குத் தக்க ஏற்றி இறக்கலாம். தண்டு மெலிந்து டியூப் லொடலொடத்தால் அந்த இடத்தில் நாலு சுற்று நூல் சுற்றிக் கனம் ஏற்றிக்கொள்ளலாம். காற்றடிக்கிற நாளில் மேல் டியூப்பைக் கழற்றிவிட்டு கீழே மட்டும் மாட்டுங்கள். வீசின பிறகு கம்பு நுனியைத் தண்ணீருக்குள் அழுத்தி ஒரு சுண்டு சுண்டினால் நரம்பு முங்கிவிடும். காற்று நரம்பைப் பிடித்து இழுக்காது, தக்கையும் நகராது.

அடுத்தது ஈயம். இதை வீட்டிலேயே வாளித் தண்ணீரில் முடித்துவிட்டுப் போகணும். பத்து சென்டிமீட்டர் மயில்தண்டு சுமார் ஒரு கிராம் தாங்கும். வெடிப்பு விட்ட ஈயக் குண்டாக ஒவ்வொன்றாக நரம்பில் கடித்துக்கொண்டே வாருங்கள் (பல்லால் இல்லை, குறடால், ஈயம் வாய்க்குப் போகக் கூடாது). தக்கையில் பூசின முனை மட்டும், அதிலும் பாதி, வெளியே தெரிகிற வரை ஏற்றணும். இன்னும் ஒரு கடுகளவு வைத்தால் முங்கிவிடும் என்கிற நிலை. அந்த நிலையில் நிற்கிற தக்கையைப் பொடிக் கெண்டை உதட்டால் தொட்டாலும் தெரியும். மொத்த ஈயத்தில் முக்கால் பங்கு தக்கையிலிருந்து ஒரு சாண் கீழே. மீதி ஒரே ஒரு சின்னக் குண்டு, தூண்டில் முள்ளுக்கு நாலு விரல்கடை மேலே. கடைசிக் குண்டு முள்ளுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் மீன் இரையை உறிஞ்சும்போது கனம் தட்டித் துப்பிவிடும்.

நரம்பு கெண்டைக்கு 0.20 மில்லிமீட்டர், பெரிய ஜிலேபி இருக்கிற இடத்தில் 0.25. போன வருஷத் தங்கூசியை நம்ப வேண்டாம். ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென இழுத்துப் பாருங்கள். நல்ல நரம்பு நீண்டு கொடுத்துத்தான் அறும். வெயிலில் காய்ந்தது நீளாமல் ‘டிக்’ என்று முறியும். முள் எண் பெரிதாகப் பெரிதாக முள் சின்னது. கெண்டைக்கு 14, ஜிலேபிக்கு 8 அல்லது 10. முடிச்சு, நரம்பை முள்ளின் கண்ணில் கோர்த்து, தன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணுக்குப் பக்கத்து வளையத்தில் நுழைத்து, திரும்பப் பெரிய வளையத்திலும் நுழைத்து இழுக்கிற முடிச்சு. இறுக்கும் முன் எச்சில் தொட்டுக்கொள்ளணும். காய்ந்த நரம்பு உரசுகிற சூட்டிலேயே வலு போய்விடும். பெரிய மீன் வரும்போது அறுவது அந்த இடத்தில்தான்.

ஆழம் பார்க்காமல் முதல் இரையைப் போடாதீர்கள். ஐந்து கிராம் ஈயத்தை முள்ளில் மாட்டி இறக்குங்கள். தக்கை முழுசாக முங்கினால் ஆழம் அதிகம், தக்கையை மேலே ஏற்று. தக்கை படுத்துவிட்டால் ஆழம் குறைவு, கீழே இறக்கு. முனை மட்டும் தெரிகிற இடம் வந்ததும் ஈயத்தைக் கழற்றிவிட்டு, தக்கையை இரண்டு விரல்கடை கீழே தள்ளினால் இரை தரையை ஒட்டித் தொங்கும். ஓரடி வலப்பக்கம், ஓரடி இடப்பக்கம் என்று இதையே பத்து இடத்தில் செய்தால் தண்ணீருக்குள் இருக்கிற குழியின் விளிம்பு கண்ணில் பார்த்த மாதிரித் தெரிந்துவிடும். அந்த விளிம்புதான் இடம்.

இரை

மண்புழு எல்லா மீனுக்கும். வாழைத்தோப்பு வாய்க்கால் ஓரம், மாட்டுத்தொழுவச் சாணிக் குழிக்குப் பக்கம் தோண்டினால் கிடைக்கும். ஈர மண்ணும் இலையும் போட்டு ஓட்டை இட்ட டப்பாவில், நிழலில் வைக்கணும். பாலித்தீன் பையில் கட்டி வண்டியில் தொங்கவிட்டால் போய்ச் சேர்வதற்குள் வெந்து நாறும். கெண்டைக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டு போதும். முழுப் புழுவைக் கோர்த்தால் வாலைக் கடித்துத் தின்றுவிட்டு முள்ளைத் தொடாமல் போய்விடும்.

மாவு என்றால் மதுரைக்காரர்களுக்கு வழி சுலபம். பரோட்டாக் கடையில் அடித்து ஊறவைத்த மாவில் ஒரு உருண்டை கேட்டால் கொடுப்பார்கள். நன்றாக அடித்த மைதா ரப்பர் மாதிரி இழுக்கும், தண்ணீரில் சீக்கிரம் கரையாது. ஆனால் எண்ணெய் அதிகம், முள்ளை விட்டு வழுக்கும். ஒரு பிடி உலர்ந்த மைதாவும் கொஞ்சம் தவிடும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய்நார் இழை மாதிரி பஞ்சை மெல்லப் பிய்த்து உள்ளே கலந்துகொண்டால் பிடிக்கும். மிளகு அளவு உருண்டை கெண்டைக்கு, சுண்டைக்காய் அளவு ஜிலேபிக்கு. பெருங்காயம், ஏலக்காய், வெண்ணிலா எசன்ஸ் என்று ஆளுக்கொரு ரகசியம் சொல்வார்கள். மணத்தால் கிடைக்கிற லாபத்தைவிட, கையில் பெட்ரோல், சிகரெட், கொசு மருந்து வாடை இல்லாமல் இருப்பதால் கிடைக்கிற லாபம் அதிகம்.

மீனை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க இரைத்தூவல் வேண்டும். தவிடு இரண்டு பங்கு, இராத்திரி ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, கண்மாய்க் களிமண் ஒரு பங்கு. நாலு பேருக்கு மொத்தம் மூன்று கிலோ தாராளம். போனதும் ஆரஞ்சு அளவில் மூன்று உருண்டை, பிறகு இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எலுமிச்சை அளவில் ஒன்று. களிமண் சேர்ப்பது உருண்டை தரைக்குப் போய்ச் சேர்ந்து மெதுவாக உடைய. வெறும் தவிடு மேலேயே மிதந்து மீனைக் கண்மாய் முழுக்கச் சிதறடிக்கும். ஆர்வத்தில் மூன்று கிலோவையும் முதல் அரை மணியில் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து படுத்துக்கொள்ளும், உங்கள் முள்ளில் இருக்கிற துண்டு அதற்கு எதற்கு?

கடியைப் படிப்பது

தூவல் போட்ட இடத்தில் பொடிக் குமிழ்கள் கோடாக நகர்ந்தால் மீன் தரையைக் கிளறுகிறது. ஒரே இடத்தில் பெரிய குமிழ் விட்டு விட்டு வந்தால் அது சேற்று வாயு, கண்டுகொள்ளாதீர்கள்.

கெண்டை தக்கையைத் துடிக்க வைக்கும். படபடவென்று நாலைந்து துடிப்பு, பிறகு ஒரு சின்ன இழுப்பு. துடிப்பில் சுண்டினால் கிடைக்காது, இழுப்பில் சுண்டணும். ஜிலேபி நிதானமாக முங்கவிட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும். கெளுத்தி ஒரே இழுவையாகச் சாய்த்து இழுத்துக்கொண்டு போகும், அவசரமே இல்லை. பலர் கோட்டை விடுவது எழுப்புக் கடியை: தக்கை முங்காமல் மேலே எழும்பும், சில சமயம் படுத்தே விடும். தரையில் கிடக்கிற இரையை வாயில் எடுத்து மீன் தலையை நிமிர்த்தும்போது கடைசி ஈயத்தின் கனம் தக்கையிலிருந்து நீங்குகிறது, அதனால் எழும்புகிறது. மிர்கால், பெரிய கெண்டை இப்படித்தான் கடிக்கும். அந்த நொடியிலேயே சுண்டணும். சுண்டுவது மணிக்கட்டால், கையைத் தூக்கி வீசினால் மெல்லிய நரம்பு அறும், இல்லையென்றால் மீன் பின்னால் கருவேல மரத்தில் தொங்கும்.

ஆழமில்லாத ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால் ஜிலேபிக் கூடு. ஆண் மீன் காவல் நிற்கும். குழி நடுவில் புழுவை இறக்கினால் பசிக்காக இல்லாவிட்டாலும் விரட்டக் கடிக்கும். உங்கள் நிழல் குழி மேல் விழுந்தால் போச்சு, பத்து நிமிஷம் காத்திருக்கணும்.

தக்கை ஒரே சீராக, மாட்டு வண்டி போகிற வேகத்தில் நகர்ந்துகொண்டே முங்கினால் ஆமையாக இருக்கலாம். பால் ஆமை காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். கரைக்கு மெல்லக் கொண்டுவந்து, முள் வெளியே தெரிந்தால் எடுத்துவிட்டு, தெரியாவிட்டால் நரம்பை வாயை ஒட்டி வெட்டி விட்டுவிடுங்கள்.

விரால்

விராலுக்கு இந்தத் தக்கைச் சமாச்சாரம் எதுவும் வேண்டாம். ஆறரை, ஏழடிக் கெட்டிக் கம்பு, ரீல், முப்பது பவுண்டு பின்னல் நரம்பு, ஒரு ரப்பர் தவளை. உயிர்த்தவளையைக் குத்திப் போடுகிற பழைய வழக்கம் வேண்டாம்; அதைவிட ரப்பர் தவளை நன்றாகவே வேலை செய்கிறது. அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி இருக்கும், அல்லிக்கொடியிலும் ஆகாயத்தாமரையிலும் மாட்டாது. செடிக்கு நடுவே தண்ணீர் தெரிகிற சந்துக்கு இரண்டடி தாண்டிப் போட்டு, இலை மேல் இழுத்து, சந்தில் இறங்கியதும் நிறுத்தணும். அடி விழுவது பெரும்பாலும் நிறுத்தின அந்த நேரத்தில்தான்.

தண்ணீர் வெடித்ததும் சுண்டக் கூடாது. ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி, நரம்பு இறுகின பிறகு முழு பலத்தோடு. விரால் செடியோடு சேர்த்துக் கவ்வும். தவளை வாய்க்குள் நசுங்கினால்தான் முள் வெளியே வரும். உடனே சுண்டினால் ரப்பர் மட்டும் பறந்து உங்கள் முகத்துக்கே வரும். மாட்டின பிறகு விட்டுப் பிடிக்கிற வேலை வேண்டாம், செடிக்குள் நுழையவிடாமல் தலையை மேலே வைத்துச் சரசரவென்று இழுத்துவிடணும்.

சேவல் இறகு

மூணாறு, நீலகிரிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரௌட் மீனை இறகுப் பூச்சி கட்டிப் பிடிப்பார்கள். அதற்கு 20 டிகிரிக்குக் கீழே, ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் வேண்டும்; நம் கண்மாயில் அது ஒரு நாள் தாங்காது. ஆனால் அந்த வித்தையில் பாதியை இங்கே கொண்டுவரலாம். மாசி மாதச் சாயங்காலம் காற்று விழுந்ததும் பொடிக் கெண்டைகள் மேலே வந்து பூச்சியை உறிஞ்சி வட்டம் வட்டமாகப் போடும். அந்த நேரத்தில் தரையில் கிடக்கிற புழுவை எதுவும் சீண்டாது.

14ஆம் எண் முள்ளைக் குறட்டில் பிடித்துக் கறுப்புத் தையல் நூலைக் கண்ணிலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். நாட்டுச் சேவலின் கழுத்து இறகில், மின்னுகிற குறுகிய இறகாக ஒன்று. அடியில் இருக்கிற பஞ்சை உருவிவிட்டு, தண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஐந்து சுற்று நூலால் கட்டுங்கள். இறகு நுனியைப் பிடித்து முள்ளைச் சுற்றி நாலு சுற்று. இழைகள் குடை மாதிரி விரியணும். நூலால் அழுத்திக் கட்டி, மூன்று அரை முடிச்சு, ஒரு சொட்டு நகப்பாலிஷ். கண்ணுக்குள் பாலிஷ் போய்விட்டால் ஊசியால் உடனே குத்தி எடுங்கள், காய்ந்த பிறகு நரம்பு நுழையாது. மிதக்க வேண்டுமானால் இழையில் வாசலின் தொட்டும் தொடாமலும் தடவணும்.

இதற்கென்று தனி ஃபிளை கம்பு வாங்கத் தேவையில்லை. சாதா ரீல் கம்பில், உள்ளே தண்ணீர் நிரப்புகிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் உருண்டைத் தக்கை. பாதி நிரப்பினால் வீசக் கனம் கிடைக்கும். அதற்குப் பின்னால் நாலடி 0.16 நரம்பு, நுனியில் இறகுப் பூச்சி. வட்டம் போடுகிற கூட்டத்தைத் தாண்டி வீசிவிட்டு, தக்கை தண்ணீரில் ஒரு கோடு மட்டும் விழுகிற வேகத்தில் சுற்றுங்கள். சுண்ட வேண்டாம், சுருக்கென்று இழுத்ததும் கம்பைச் சாய்த்து இறுக்கினாலே போதும்.

செட்டாகப் போவது

நாலு பேர் சரியான எண்ணிக்கை. ஆறு ஆனால் கரையில் கச்சேரிதான். ஆளுக்கு ஆள் இருபதடி விட்டு உட்காருங்கள், தூவல் ஆளுக்கொரு இடம் இல்லாமல் இரண்டு பேருக்கு ஒன்று. பேச்சுச் சத்தம் மீனை அவ்வளவு கலைக்காது. கரையில் தொம்தொம் என்று நடப்பதும், வண்டி ஸ்டாண்டைக் கல்லில் போடுவதும்தான் கலைக்கும். அதிர்ச்சி மண் வழியாகத் தண்ணீருக்குப் போகும். “மாப்ள, இங்க வந்து பாரு” என்று கூப்பிட்டதும் மூன்று பேர் ஓடி வருகிற செட்டுக்கு அந்த இடத்தில் அடுத்த அரை மணிக்குக் கடி இருக்காது.

மீனை எடுக்கிறபோது கெளுத்தியில் கவனம். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று முள். மூன்றும் விறைத்து நிற்கும். பக்க முட்களுக்குப் பின்னால் இரண்டு விரலால் கவட்டை போட்டுப் பிடிக்கணும், அல்லது ஈரத் துணியால் அழுத்திப் பிடித்துக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றணும். தேளி என்றால் கையே வைக்காதீர்கள், நரம்பை வெட்டிவிடுங்கள். அதன் குத்து பேருக்கேற்ற குத்து. குத்திவிட்டால் கை தாங்குகிற சூட்டு வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் முக்கி வைத்தால் வலி இறங்கும், அந்த விஷம் சூட்டில் கெடும். முள் உடைந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்த மீனை நனைத்த சணல் சாக்கில் சுற்றி மர நிழலில் வையுங்கள். பங்குனி வெயிலில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு மணி நேரம் இருந்தாலே வயிறு உடைந்துவிடும். ஒன்பதரைக்கு மேல் தங்குவதாக இருந்தால் ஐஸ் இல்லாமல் வேலையில்லை. கிளம்பும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கூறு போட்டுவிடுவது நல்ல வழக்கம். யார் எத்தனை பிடித்தார் என்கிற கணக்கு வீட்டுக்கு வரக் கூடாது. சாக்கடை கலக்கிற ஊர்க் கண்மாயில் பிடித்ததைச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்ல கண்மாய் மீனிலும் பாசியால் ஒரு மண்வாடை இருக்கும். கல்லுப்பும் புளித்தண்ணியும் போட்டு அலசிக் கால் மணி நேரம் வைத்தால் போய்விடும். புளிப்புக்கு அந்த வாடை நிற்காது.

அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வராதீர்கள். நீர்க்காகமும் கொக்கும் காலில் சுற்றிக்கொண்டு செத்துப்போகும். சுருட்டி எடுத்து வந்து துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடணும்.

ஊரில் மீன்பிடித் திருவிழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த வாரம் அந்தக் கண்மாய்ப் பக்கம் தூண்டிலோடு போக வேண்டாம். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடை, கச்சா, வலையோடு ஊரே இறங்கும் தண்ணீர் அது. விருப்பமிருந்தால் ஊத்தா ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு நீங்களும் இறங்கலாம். அதோடு அந்தக் கண்மாயில் தூண்டில் கணக்கு அடுத்த மழைக்குத்தான். மூங்கில் கம்பைத் துடைத்து, வண்டு துளைக்காமல் இருக்க வேப்பெண்ணெய் தடவி, நுனி மேலே பார்க்கக் கூரையோரம் நேராகத் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஐப்பசியில் எடுக்கும்போது வில்லாக வளைந்திருக்கும்.